போனைப் பறித்துவிடுவார்கள் என்று நாங்கள் சொல்லாமல் விடுபவை

உவர்மலைப் பிள்ளை
வெள்ளி, மாலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் வகுப்பில் இணையமும் இளையோரும் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நன்மையை முதல் பக்கத்திலும் தீமையை அடுத்த பக்கத்திலும் எழுதிக் கொடுத்தேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. ஆனால் அதில் எனக்கு நடந்தது என்று ஒரு வரி இல்லை. அதனால் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது நான் தரம் 8. வீட்டில் அம்மாவிடம் ஒரு பட்டன் போன்தான் இருந்தது. பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வருகிறது என்று தெரிந்ததும் அம்மா தன் காப்பு இரண்டையும் அடகு வைத்து ஒரு போன் வாங்கி வந்தார். எனக்கும் தம்பிக்கும் அது ஒன்றுதான். காலையில் எனக்கு, பின்னேரம் அவனுக்கு. கணித சேர் பயிற்சியைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புவார். நாங்கள் செய்து படம் எடுத்துத் திருப்பி அனுப்புவோம். ஈ-தக்சலாவ என்ற கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பாடப்புத்தகங்களை இறக்கிக்கொண்டோம். டேட்டா முடிந்தால் பக்கத்து வீட்டு அக்கா தன் வைபையைத் தருவார், மதிலோரம் கதிரை போட்டு உட்கார்ந்து படிப்பேன். அந்த போன் இல்லாமல் நான் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) தாண்டியிருக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதை வாசித்துவிட்டு போன் கெட்டது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாடம் முடிந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போன் என்னிடமே இருந்தது. முதலில் நடன வீடியோக்கள், பிறகு சமையல், பிறகு யார் யாரோ தங்கள் வீட்டில் அழுவது, சிரிப்பது, சண்டை பிடிப்பது. இரவு பத்து மணிக்கு நுளம்புவலைக்குள் படுத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குவேன். ஹாலில் படுத்திருக்கும் அம்மம்மாவுக்கு என் வலை முழுவதும் நீலமாகத் தெரியுமாம். "கூடு மாதிரி எரியுது பிள்ளை" என்று ஒருநாள் சொன்னார். வெசாக்குக்கு விளக்கேற்றித் தொங்கவிடும் கூட்டைத்தான் சொன்னார். அடுத்த நாளிலிருந்து போர்வைக்குள் வைத்துப் பார்த்தேன்.

இந்த ஜனவரியில் கலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் அன்றைய திரைநேரத்தைப் பென்சிலால் குறித்தேன். போனே கணக்குக் காட்டும், நான் எழுதினேன், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை 6 மணித்தியாலம் 12 நிமிடம். அன்று நான் தாவரவியலில் நான்கு பக்கம் படித்திருந்தேன். அந்த நான்கு பக்கத்துக்குள் பதினொரு தடவை போனை எடுத்திருக்கிறேன். ஒன்றும் வரவில்லை. ஏதும் வந்திருக்குமோ என்றுதான் எடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் மாநிறம். அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. போனில் படம் எடுக்கும்போது தானாகவே முகத்தை வெளுப்பாக்கும் வசதி ஒன்று வந்ததே, அதற்குப் பிறகுதான் கண்ணாடியில் பார்க்கிற முகம் பிழையாகத் தெரியத் தொடங்கியது. கோணேசர் கோயிலடிப் பாறைப் பிளவான ராவணன் வெட்டுக்கு மேலே தோழிகளோடு நின்று எடுத்த ஒரு படத்தில் நான் மட்டும் வெளுப்பாக்காமல் இருந்தேன். அதை அழிக்கும்வரை எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் படத்தில் பின்னால் முழுக் கடலும் தெரிந்தது. இப்போது அது என்னிடம் இல்லை.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். சார்ஜ் இல்லாததால் நாங்கள் எல்லோரும் டச்சுபே கடற்கரைக்கு நடந்து போவோம். அம்மம்மா 1964 டிசம்பர்ப் புயல் கதையைச் சொல்லத் தொடங்கினார். தகரக் கூரை பறந்தது, அவருடைய அப்பா பிள்ளைகளைச் சீலையால் ஒன்றாகக் கட்டி வைத்தது, அதுவரை சொன்னார். அன்று கரண்ட் வந்துவிட்டது. எழும்பிப் போய்விட்டோம். மீதிக் கதையை நான் கேட்கவே இல்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். என் தோழி ஒருத்திக்கு இணையத்தில் ஒரு பிரச்சினை. என்னவென்று எழுத மாட்டேன். மூன்று கிழமையாக வீட்டில் சொல்லாமல் இருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "சொன்னால் முதலில் போனைப் பறிப்பார்கள், பிறகு ரியூசனை நிறுத்துவார்கள்" என்கிறாள். யோசித்துப் பார்த்தேன், நானும் என் அம்மாவிடம் ஒன்றுமே சொன்னதில்லை. அந்த நீல வெளிச்சத்துக்குள் என்ன நடக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. பெரியவர்களிடம்தான் கேட்கிறேன். நாங்கள் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

சாம்பல்தீவுக் கரை
வெள்ளி, இரவு 8.15

மகள், நேராகவே சொல்கிறேன். நான் பறிப்பேன். பறித்தும் இருக்கிறேன். மூத்தவன் ஓ/எல் எழுத நான்கு மாதம் இருக்கும்போது போனை வாங்கி என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கத்தினான், இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. சோதனையும் பாஸ்.

கடலில் காற்று எப்படி என்று பார்க்க நானும் போனைத்தான் பார்க்கிறேன், அதனால் எனக்கு இது விளங்காது என்று நினைக்க வேண்டாம். கரைவலை இழுக்கும்போது முன்பெல்லாம் பொடியன்கள் ஓடி வருவார்கள். கயிறு பிடித்தவனுக்குக் கறிக்கு மீன் கிடைக்கும். இப்போது வருகிறார்கள், வலை கரைக்கு வரும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு, வீடியோ எடுக்க. கயிற்றைத் தொடுவதில்லை. மீன் துள்ளுவதைக் கண்ணால் பார்ப்பதுமில்லை, திரையில்தான் பார்க்கிறார்கள். எனக்கு அது நெஞ்சுக்குள் வலிக்கிறது.

அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது என்று சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கும் கொண்டு வந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய நாட்டுக்கே தேவைப்படுகிறது என்றால் எங்களுக்கு ஏன் தேவையில்லை?

பாதைக்காரன் பேரன்
வெள்ளி, இரவு 9.50

நான் கிண்ணியா. கோணேசபுரியில் கம்பஸில் கணினி படிக்கிறேன். அங்கிள், உங்கள் வேதனை விளங்குகிறது. கரைவலை பற்றி எழுதியதை வாசித்து எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் தடையை நான் ஏற்கவில்லை.

எங்கள் நாட்டில் தடை போட்டுப் பார்த்தாயிற்று. 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி என்று சமூக ஊடகங்களை முடக்கினார்கள். என்ன நடந்தது? பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான் வீட்டில் எல்லோருக்கும் தடையைத் தாண்டிப் போகிற விபிஎன் செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். 2022 இல் போட்ட தடையை ஒரு நாள் முடியுமுன்னே எடுத்துவிட்டார்கள். பூட்டை உடைக்கத் தெரிந்தவர்களுக்குப் பூட்டுப் போட்டால், உடைத்ததை மறைக்கவும் பழகுவார்கள். தங்கச்சி கேட்பதே அதைத்தானே, ஏன் மறைக்கிறோம் என்று.

என் கதையும் கொஞ்சம் உண்டு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவைப் படகில்தான் அக்கரைக்குப் போவோம். 396 மீற்றர்த் தூரத்துக்கு வாப்பா ஒரு மணித்தியாலம் காத்துக்கிடந்த நாட்கள் உண்டு. பாலம் வந்தது, நல்ல பௌதிகவியல் ஆசிரியர் வரவில்லை. நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியலில் பாதியை யூடியூபில்தான் படித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொல்லிக்கொடுப்பார், சென்னையில் ஒருவர் சொல்லிக்கொடுப்பார், விளங்காவிட்டால் இருபது தடவை திருப்பிப் பார்ப்பேன். எந்த சேரிடம் இருபது தடவை கேட்க முடியும்? என்னிடமிருந்து போனைப் பறித்திருந்தால் நான் இன்று கம்பஸில் இல்லை.

அறிவியலும் நாம் பயப்படுகிற அளவுக்குச் சொல்லவில்லை. ஏமி ஓர்பென், அன்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இருவர் 2019 இல் 350,000 க்கும் அதிகமான இளையோரின் தரவுகளைப் பார்த்தார்கள். அவர்களுடைய மனநலத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் திரைப் பாவனையோடு சேர்த்துச் சொல்லக்கூடியது 0.4 வீதத்துக்கு மேல் இல்லை என்று கண்டார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, வகுப்பில் நக்கல், இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் போனை மட்டும் குற்றவாளியாக்கினால் எங்களுக்கு வசதியாகத்தான் இருக்கும்.

பழைய கணித வாத்தியார்
சனி, காலை 5.30

தம்பி, நல்ல புள்ளிவிபரம். நான் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன், அதனால் சராசரியைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஏழையும் கூட்டி ஏழால் பிரித்து ஒரு விடை எடுக்கலாம். அந்த விடையை நம்பி எல்லாக் கிணற்றுக்கும் ஒரே மாதிரி வாளியை விடுவீர்களா? 2021 இல் பேஸ்புக் நிறுவனத்துக்குள்ளிருந்து பிரான்சிஸ் ஹோகன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் அந்தப் பிள்ளை எழுதியது அப்படியே இருந்தது. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே குறைப்பட்டிருந்த பதின்வயதுப் பெண்களில் 32 வீதமானோர், இன்ஸ்டகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருக்கிறார்கள். நிறுவனமே கேட்டு எடுத்த கணக்கு அது. ராவணன் வெட்டுப் படத்தை அழித்த பிள்ளை அந்தக் கிணற்றில் நிற்கிறாள்.

பதினொரு தடவை எடுத்தேன், ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய் மகள். அதற்குக் காரணம் உன் மனம் பலவீனமானது என்று நினைக்காதே. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துப் பார்த்த விடயம் இது. கொத்தும் ஒவ்வொரு தடவையும் தானியம் விழுந்தால் புறா பசிக்கிறபோது மட்டும் கொத்தும். எப்போது விழும் என்று தெரியாமல் இடையிடையே விழுந்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். நீ திரையைக் கீழே இழுத்துப் பார்க்கிறாயே, அது அதே கொத்துத்தான். பக்கம் முடியாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும் முறையை 2006 இல் அமைத்த அசா ரஸ்கின் என்பவர், ஏன் செய்தேன் என்று பிறகு வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார். புத்தகத்தில் பக்கம் முடியும். பத்திரிகையில் செய்தி முடியும். முடிகிற இடத்தில்தான் மனிதன் நிமிர்ந்து மணியைப் பார்ப்பான். அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள்.

என் வகுப்பில் கண்ணால் காண்பதைச் சொல்கிறேன். கேத்திரகணிதத்தில் ஒரு நிறுவல் கொடுத்தால் முன்பு பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடமாவது படத்தைப் பார்த்திருக்கும். தெரியாமல் இருப்பதைப் பொறுத்துக்கொண்டு இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் கணிதம் வரும். இப்போது இரண்டாம் நிமிடத்திலேயே என் முகத்தைப் பார்க்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், முன்பை விடக் கெட்டிக்காரர்கள் என்றும் சொல்வேன். தெரியாமல் இருக்கிற நேரத்தைத் தாங்க முடியவில்லை, அதுதான் எனக்குக் கவலை.

இரவுப் பணி அக்கா
சனி, காலை 10.05

நான் தாதியாக வேலை செய்கிறேன். தலையிடி, களைப்பு, பள்ளியில் மயங்கி விழுந்தது என்று கூட்டி வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று. அம்மா முந்திக்கொண்டு "ஒன்பது மணி" என்பார். பிள்ளை என்னைப் பார்க்கும். அம்மாவைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டுக் கேட்டால் "இரண்டு, இரண்டரை" என்று சொல்லும்.

13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும். பருவ வயதில் நித்திரைக்கான மெலற்றோனின் பிந்தித்தான் சுரக்கும், அது இயற்கை. முகத்துக்கு நேரே வெளிச்சம் பிடித்தால் இன்னும் பிந்தும். ஏழரைக்குப் பள்ளி என்றால் கணக்குப் பாருங்கள். நித்திரை குறைந்த பிள்ளைக்குக் கோபம் வரும், அழுகை வரும், படித்தது தங்காது. அதற்குப் பிறகு நாங்கள் அதையெல்லாம் குணம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அடிமையாகிவிட்டான் என்ற சொல்லையும் கொஞ்சம் கவனமாகப் பாவிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் வீடியோ விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்து அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குக்கூட, விளையாட்டை நிறுத்த முடியாமல், சாப்பாடு படிப்பு உறவு எல்லாம் கெட்டு, பொதுவாக ஒரு வருடமாவது அப்படியே இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். விடுமுறையில் ஒரு கிழமை ப்ரீ பயர் விளையாடிய பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

தங்கச்சி, போனை வேறு அறையில் சார்ஜ் போடு. முதல் நான்கு நாள் கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

டோஹாவிலிருந்து ஒரு அப்பா
சனி, பிற்பகல் 1.20

நான் ஆறு வருடமாகக் கட்டாரில். என் சின்ன மகளுக்கு ஏழு வயது. அவள் என்னோடு இருந்த நாட்களைக் கூட்டினால் நான்கு மாதம் வராது. தினமும் பின்னேரம் வீடியோவில் கொப்பியைக் காட்டுவாள், நான் இங்கே கட்டிலில் இருந்துகொண்டு கூட்டல் கழித்தல் பார்ப்பேன். பல் விழுந்ததை முதலில் எனக்குத்தான் காட்டினாள். போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஊரில் கதைக்கும்போது என் மனைவிக்கும் பயம் வந்து இரண்டு நாள் எடுத்து வைத்துவிட்டார். அந்த இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

பெயர் வேண்டாம்
சனி, இரவு 11.30

உவர்மலைப் பிள்ளையின் தோழிக்காக இதை எழுதுகிறேன். இப்போது எனக்கு 19 வயது. நடந்தபோது 17.

வாணி விழாவுக்குச் சாறி கட்டி எடுத்த படம் ஒன்றை ஒரு செயலியில் போட்டிருந்தேன். யாரோ என் முகத்தை வெட்டி வேறொரு உடம்பில் பொருத்தி எனக்கே அனுப்பினார்கள். பார்த்தால் நான்தான் என்று நினைக்கும் அளவுக்கு இருந்தது. ரீலோட் (போனுக்குக் காசு) அனுப்பு, இல்லாவிட்டால் உன் பள்ளிக் குறூப்பில் போடுவேன் என்றார்கள். அனுப்பினேன். திரும்பக் கேட்டார்கள். ரியூசன் காசில் அனுப்பினேன். 19 நாள். அந்த 19 நாளும் அம்மா பக்கத்தில் இருந்து தலை வாரிவிடுவார், நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் "ஏன் படம் போட்டாய்" என்றுதான் முதல் கேள்வி வரும் என்று தெரியும். போன் போகும், வெளியே போக விட மாட்டார்கள். செத்துவிடலாம் என்றுகூட ஒரு இரவு நினைத்தேன்.

இருபதாம் நாள் சித்தியிடம் சொன்னேன். சித்தி போனைக் கேட்கவே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பிறகு, "நீ ஒரு பிழையும் செய்யவில்லை. போன் உன்னிடமே இருக்கட்டும், எல்லாம் அதற்குள்தான் இருக்கு" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சித்தி சொன்னது சரியாகவும் இருந்தது. அவர்கள் அனுப்பிய செய்தி, இலக்கம், திகதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தோம். நான் பயத்தில் அழித்திருந்தால், இல்லை யாராவது போனைப் பறித்து உடைத்திருந்தால், காட்ட ஒன்றும் இருந்திருக்காது. 1929 க்கு எடுத்தோம், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். தமிழிலேயே கதைத்தார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும், முறைப்பாட்டை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டேக் இட் டவுன் என்று இலவச சேவை ஒன்றும் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை, உங்கள் போனில் வைத்தே அதற்கு ஒரு அடையாளக் குறியீடு உண்டாக்கி, அந்தக் குறியீட்டை மட்டும் செயலிகளுக்குக் கொடுப்பார்கள். அந்த நிறுவனங்கள் அதை வைத்துத் தங்கள் தளத்தில் தேடி நீக்கும். போலியாகச் செய்த படத்துக்கும் பாவிக்கலாம்.

பிறகு காசு அனுப்பவில்லை. அவர்கள் இரண்டு நாள் மிரட்டினார்கள், நிறுத்திவிட்டார்கள். உன் தோழியிடம் சொல், அவள் தனியாக இல்லை. மனம் சரியில்லை என்றால் 1926 க்கும் எடுக்கலாம், அது மனநல உதவி இலக்கம்.

வெருகல் ஆறு
ஞாயிறு, காலை 8.10

எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது. ஒழுங்காக வளர்த்த பிள்ளை எந்த போனாலும் கெடாது.

உவர்மலைப் பிள்ளை
ஞாயிறு, காலை 9.00

வெருகல் ஆறு ஐயா, மேலே எழுதிய அக்கா கெட்டுப்போகவில்லை. சாறி கட்டிப் படம் எடுத்தார், அவ்வளவுதான். "ஒழுங்காக வளர்த்த பிள்ளைக்கு இப்படி நடக்காது" என்று நாலு பேர் சொல்வதைக் கேட்டுத்தான் நடந்த பிள்ளை வாயைத் திறக்காமல் இருக்கிறது. கோபத்தில் எழுதவில்லை, மன்னியுங்கள். ஆனால் இதை எழுதாமல் விட முடியவில்லை.

அக்கா, உங்கள் பதிவை அப்படியே தோழிக்குக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள்.

பாதைக்காரன் பேரன்
ஞாயிறு, காலை 11.45

நான் எழுதிய 0.4 வீதத்தை நானே திரும்ப வாசித்தேன். கணக்குப் பிழை இல்லை. ஆனால் 'பெயர் வேண்டாம்' தங்கச்சி எழுதியது அந்தக் கணக்குக்குள் எங்கே வருகிறது என்று தேடினால் இல்லை. மணித்தியாலத்தைத்தான் அளந்திருக்கிறார்கள், என்ன நடந்தது என்பதை அளக்கவில்லை. வாத்தியார் சேர் சொன்ன கிணறு இப்போது விளங்குகிறது.

சட்டம் பற்றி ஒன்று. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கிறது. கருத்துச் சுதந்திரத்தை நசுக்கும் என்று நிறையப் பேர் எதிர்த்தார்கள், நானும் எதிர்க்கிறேன். பிள்ளைகளைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொண்டு வருகிற சட்டத்தில் பிள்ளைகளைத் தவிர மற்றவர்களை வாய் மூட வைக்கிற பகுதிதான் பெரிதாக இருக்கிறது. பள்ளியில் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் கணினியின் பாகங்களைப் பாடமாக்க வைக்கிறார்கள். ஒரு மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷொட் எடு, காசு அனுப்பாதே, 1929 க்கு எடு என்று ஒரு பாடவேளையில் சொல்லிவிடலாம். கோணேசபுரியில் எங்கள் வகுப்பில் ஐந்தாறு பேர் சேர்ந்து இதைப் பள்ளிகளில் போய்ச் சொல்லலாமா என்று நேற்று இரவு கதைத்தோம். சேர், உங்களுக்குத் தெரிந்த அதிபர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய கணித வாத்தியார்
ஞாயிறு, பிற்பகல் 2.30

மூன்று பேரைத் தெரியும். நாளை காலையே கதைக்கிறேன். தமிழ்ப் பள்ளி, முஸ்லிம் பள்ளி இரண்டுக்கும் போங்கள் தம்பி. பிள்ளைகளுக்கு ஒரு நாள், பெற்றோருக்கு ஒரு நாள் என்று வையுங்கள். பெற்றோர் கூட்டத்தைப் பின்னேரம் வைக்காதீர்கள், கடலுக்குப் போகிறவர்கள் வர மாட்டார்கள்.

சாம்பல்தீவுக் கரை
ஞாயிறு, மாலை 5.50

காலையில் போட்டைக் கரைக்கு ஏற்றிவிட்டு, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு இருந்தேன். மூத்தவன் பக்கத்தில் நூல் சுற்றித் தந்தான். நேற்று அந்தப் பிள்ளை எழுதியது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்டேன், "தம்பி, உனக்கு இப்படி ஏதும் நடந்தால் என்னிடம் சொல்வாயா?"

கையில் இருந்த நூலைப் பார்த்துக்கொண்டே, "இல்லை அப்பா" என்றான்.

எனக்கு அடித்த மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை, எனக்கே தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். போனை நான் பூட்டி வைத்திருந்த நான்கு மாதத்தில் கூட்டாளியின் போனில் அவன் விளையாடியிருக்கிறான். விளையாட்டில் யாரோ ஒருவன், யாரென்று தெரியாது, இவன் படத்தைக் கேட்டிருக்கிறான். அனுப்பவில்லையாம். பயந்துபோய்க் கணக்கையே அழித்துவிட்டானாம். நான் பூட்டினேன், சோதனை பாஸ் என்று வெள்ளிக்கிழமை இங்கே பெருமையாக எழுதினேன். அதற்குள் இது நடந்திருக்கிறது, பிள்ளை ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

16 வயதுச் சட்டம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. சின்னவளுக்கு இப்போது 11, அவளுக்கு நான் போன் வாங்கிக் கொடுக்க மாட்டேன். ஆனால் மூத்தவனிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். என்ன நடந்தாலும் வந்து சொல், போனைத் தொட மாட்டேன் என்று. நம்பினானா தெரியாது. வலை தைத்து முடியும்வரை எழும்பிப் போகாமல் இருந்தான்.

இரவுப் பணி அக்கா
ஞாயிறு, இரவு 7.15

அண்ணா, எழும்பிப் போகாமல் இருந்தது பெரிய விடயம். அடுத்த தடவை அவன் ஏதாவது சொன்னால் உடனே அறிவுரை சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். நாங்கள் வாட்டில் பழகுவதும் அதுதான், சரியான கஷ்டம்.

உவர்மலைப் பிள்ளை
செவ்வாய், இரவு 9.05

இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

தோழி நேற்றுப் பின்னேரம் தன் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாள். நான் கூட இருந்தேன். பெரியம்மா முதலில் சத்தம் போட்டார். பிறகு நான் பெயர் வேண்டாம் அக்காவின் பதிவை வாசித்துக் காட்டினேன், சித்தி சொன்ன இடம் வந்ததும் பேசாமல் இருந்துவிட்டார். இன்று காலை அவர்களே 1929 க்கு எடுத்திருக்கிறார்கள். போன் இன்னும் தோழியிடம்தான் இருக்கிறது.

நானும் அம்மாவிடம் கதைத்தேன். கலண்டரைக் காட்டினேன். 6 மணித்தியாலம் 12 நிமிடம் எழுதிய கட்டத்தை அம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை. "அந்த நேரத்தில நான் குசினியிலதான் நின்டிருப்பன், கூப்பிட்டிருக்கலாமே" என்றார். வெளுப்பாக்கிய படங்களையும் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு "இது யார்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அக்கா சொன்னபடி போனை இரவில் ஹாலில் வைக்கிறேன், அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில். விடிய நாலரைக்கு எழும்புவதற்கு ஒரு மணிக்கூடு வாங்கினேன், சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். முதல் இரவு ஒன்றரை மணி வரை நித்திரை வரவில்லை. வலைக்குள் சும்மா படுத்திருந்தேன். வெளியில் கச்சான் காற்றில் தகரம் அடிக்கிற சத்தம். அம்மம்மாவும் முழித்துக்கொண்டுதான் இருந்தார். புயல் கதையில் சீலையால் கட்டிய பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். கட்டிய சீலை அவிழ்ந்துவிட்டதாம். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கிறார், மூன்று வயது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

தங்கச்சியின் பெயரை மட்டும் இன்னும் சொல்லவில்லை. மணி ஒன்பது தாண்டிவிட்டது, போனை வைத்துவிட்டு வலைக்குள் போகிறேன். வேறு யாராவது எழுதினால் காலையில் பார்க்கிறேன்.